ஆலை வருமுன் பேச வேண்டும்: காட்டு நிர்வாகத்தில் மக்கள் பங்கேற்பு எங்கே பலிக்கும்?

கேள்வி இது: “நிலக்கரிக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றாக மரம், மூங்கில், நார், பிசின் போன்றவற்றை நம்பும் உயிரிப் பொருளாதாரம் வருகிறது என்கிறார்கள். அதற்கான காடுகளை நிர்வகிப்பதில் மக்கள் பங்கேற்க வேண்டும் என்று எல்லா ஆவணங்களிலும் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதற்கு என்ன பொருள்? மனு கொடுப்பதைத் தவிர வேறு ஏதாவது செய்ய முடியுமா?”

முடியும். ஆனால் எப்போது பேசுகிறோம், எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. காட்டிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவாகும் இடத்தில் மக்கள் இல்லாவிட்டால், அதன்பிறகு நடக்கும் கூட்டங்கள் எல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும்.

முடிவுகள் வரும் வரிசையைப் பாருங்கள். முதலில் அரசின் கொள்கையும் மானியமும். அடுத்து ஆலையோ மின் நிலையமோ எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற முதலீட்டு முடிவும், அதற்கு மரம் தருவதாகப் பல ஆண்டுகளுக்குப் போடும் ஒப்பந்தமும். அதன்பின் காட்டின் செயல் திட்டம், பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு. பிறகு அந்தந்த ஆண்டின் கூப்பு (அந்த ஆண்டு வெட்டுக்கு ஒதுக்கும் காட்டுப் பகுதி), மரங்களுக்குக் குறியிடுதல், வெட்டு, விற்பனை, கணக்கு. பொதுமக்களைக் கூப்பிடுவது பெரும்பாலும் செயல் திட்டத்தின் வரைவு தயாரான பிறகுதான், சில இடங்களில் கூப்புக்குக் குறியிட்ட பிறகு. அதற்குள் ஆலை பாதி எழும்பியிருக்கும். வங்கிக் கடன் ஏறியிருக்கும். ஒப்பந்தப்படி மரம் வராவிட்டால் அபராதம் என்ற நிலையில், காட்டின் திட்டம் ஆலையின் பசிக்கு ஏற்ப வளையத்தான் செய்யும். 1998-இல் ஏற்கப்பட்டு 2001-இல் நடைமுறைக்கு வந்த, சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பு பற்றிய பன்னாட்டு ஆர்ஹஸ் உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவு, எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே, தொடக்கத்திலேயே மக்களைச் சேர்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். உங்கள் நாடு அதில் கையெழுத்திட்டிருக்கிறதோ இல்லையோ, கேட்க வேண்டியது அதையே. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கருத்துக் கேட்பது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

ஆலையின் அளவைப் பற்றிப் பேசப் பொறியியல் பட்டம் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். மரச்சில்லில் ஓடும் 10 மெகாவாட் மின் நிலையம் வரப்போகிறது, “வெட்டியது போக மிஞ்சும் கழிவை மட்டுமே எரிப்போம்” என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 80,000 மெகாவாட் மணி மின்சாரம். இந்த அளவு நிலையங்களில் விறகின் வெப்பத்தில் 25 முதல் 30 விழுக்காடுதான் மின்சாரமாகும். 28 என்று எடுத்தால், உள்ளே போக வேண்டிய வெப்பம் சுமார் 2,86,000 மெகாவாட் மணி. 40 விழுக்காடு ஈரமுள்ள ஒரு டன் சில்லு சுமார் 2.8 மெகாவாட் மணி வெப்பம் தரும். ஆக, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டன் வேண்டும். நடுத்தர அடர்த்தியுள்ள மரத்தில் இது சுமார் 1.2 லட்சம் கன மீட்டர். காட்டின் ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு அரை கன மீட்டர் கழிவை மண்ணுக்குக் கேடில்லாமல் எடுக்க முடியும் என்று கொண்டால், 2.4 லட்சம் ஹெக்டேர் காடு தேவை. கழிவு மலிவான சரக்கு, லாரியில் வெகுதூரம் கொண்டுவந்தால் கட்டாது. 50 கிலோமீட்டர் ஆரத்துக்குள் என்றால் அந்த வட்டத்தின் மொத்தப் பரப்பே 7.85 லட்சம் ஹெக்டேர்தான். வயல், ஊர், ஏரி, பாதுகாக்கப்பட்ட காடு எல்லாம் சேர்த்து. அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு நிலையத்துக்கே கழிவு கொடுக்கும் வெட்டுக்காடாக இருக்குமா? இல்லையென்றால் மீதி எங்கிருந்து வரும்? கூட்டத்தில் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி இதுதான். உங்கள் வட்டாரத்துக்குரிய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் முறை மாறாது. அதே வட்டத்தில் ஏற்கெனவே காகித ஆலையோ பலகை ஆலையோ இருந்தால் அதன் தேவையையும் கூட்டுங்கள். இரண்டு ஆலைகளும் ஒரே கழிவைத் தங்கள் திட்ட அறிக்கையில் காட்டுவது அபூர்வமல்ல.

“கழிவு” என்ற சொல்லையும் அப்படியே விழுங்கக் கூடாது. மரத்தின் சத்துகளில் பெரும்பகுதி இலையிலும் சிறு கிளையிலும் பட்டையிலும் இருக்கிறது, தண்டில் அல்ல. தண்டை மட்டும் எடுத்து மற்றதைக் காட்டிலேயே விட்டால் மண் பெரிதாக இழப்பதில்லை. முழு மரத்தையும் இலையோடு இழுத்துப் போனால், குறிப்பாக வளம் குன்றிய மண்ணில், அடுத்த தலைமுறை மரங்களின் வளர்ச்சி அடிபடும். அதனால் வெட்டிய கிளைகளை இலை உதிரும்வரை சில மாதம் தரையிலேயே விடுவது, குறிப்பிட்ட பங்கு கிளைகளை எடுக்காமலே விடுவது, வேர்க்கட்டையைத் தோண்டக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளைத் திட்டத்திலேயே எழுதி வாங்க வேண்டும். செத்து நிற்கும் மரமும் விழுந்து மட்கும் கட்டையும் தனி விஷயம். பூஞ்சை, வண்டு, மரங்கொத்தி என்று பெரும் கூட்டமே அவற்றை நம்பி வாழ்கிறது. எரிக்க நினைப்பவர் கண்ணுக்கு மட்டுமே அது கழிவு.

எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதும் பேச்சில் வர வேண்டும். நல்ல மரம் முதலில் கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும், அதன்பின் பலகைக்கும் கூழுக்கும், கடைசியில்தான் எரிப்பதற்கு என்ற படிவரிசைப் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் திருத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தில் சேர்த்தது. எரிப்பதற்கு மானியம் கொடுத்துவிட்டு இந்த வரிசையை எதிர்பார்ப்பதில் பலனில்லை. பணம் எங்கே கிடைக்கிறதோ மரம் அங்கேதான் போகும். கார்பன் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மரத்தை எரிக்கும்போது வரும் கார்பன், பன்னாட்டுக் கணக்கு முறையில், ஆற்றல் துறையில் பூஜ்யமாகவே காட்டப்படும். காட்டில் மர இருப்பு குறைந்த கணக்கு நிலப் பயன்பாட்டுத் துறையில் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மின் நிலையத்தின் அறிக்கையை மட்டும் படித்தால் புகையே இல்லாத அடுப்பு போலத் தோன்றும்.

இனி வரைவுத் திட்டத்தை எப்படிப் படிப்பது. முன்னுரையில் ஒன்றும் இருக்காது, நேரே அளவீட்டு அத்தியாயத்துக்குப் போங்கள். முதலில் அலகு. கன மீட்டர் என்றால் திட மரமா, அடுக்கிய மரமா, கொட்டிய சில்லா? அடுக்கிய ஒரு கன மீட்டரில் திட மரம் 0.6 முதல் 0.7 வரைதான் இருக்கும், கொட்டிய சில்லில் சுமார் 0.4. பட்டையோடா, பட்டை நீக்கியா? டன் என்றால் பச்சை மரமா, உலர்ந்ததா? புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கக்கூடும். திட்டத்தில் ஒரு அலகு, ஒப்பந்தத்தில் வேறு அலகு, சோதனைச் சாவடியில் மூன்றாவது அலகு என்றிருந்தால் யாராலும் கணக்குப் பார்க்க முடியாது. ஒரே அலகில் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். சலிப்பூட்டும் கோரிக்கைதான், ஆனால் அதிகம் பலன் தருவது இது என்பதே என் கருத்து.

அடுத்தது ஆண்டு வெட்டு அளவு எப்படி வந்தது என்பது. 500 ஹெக்டேர் காட்டில் 40 மாதிரித் துண்டுகளை (அளப்பதற்காகத் தேர்ந்த சிறு நிலப் பகுதிகளை) அளந்து, சராசரி இருப்பு, அதாவது நிற்கும் மரத்தின் அளவு, ஹெக்டேருக்கு 140 கன மீட்டர் என்றும், ஆண்டு வளர்ச்சி 3 விழுக்காடு என்றும் கண்டார்கள் என்போம். நேரே பெருக்கினால் ஆண்டுக்கு 2,100 கன மீட்டர். ஆனால் துண்டுக்குத் துண்டு இருப்பு மாறும். அந்த மாறுபாட்டைக் காட்டும் புள்ளியியல் அளவான திட்ட விலக்கம் 70 என்றால், 40 துண்டுகளின் சராசரியில் பிழை ஏறத்தாழ 22 கன மீட்டர் இரு பக்கமும். எச்சரிக்கையாக இருப்பவர் கீழ் எல்லையான 118-ஐ எடுப்பார். ஓடைக் கரையும் செங்குத்துச் சரிவும் சேர்ந்து 100 ஹெக்டேரைக் கழிப்பார். தீ, பூச்சி, காற்று, ஊராரின் விறகு இவற்றுக்காக வளர்ச்சியில் 35 விழுக்காட்டைத் தொடாமல் விடுவார். அப்போது கிடைப்பது சுமார் 920 கன மீட்டர். ஒரே காடு, ஒரே அளவீடு, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கணக்கு மற்றதைவிட இரு மடங்குக்கு மேல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது அறிவியல் மட்டும் சொல்லக்கூடிய பதிலல்ல. எவ்வளவு அபாயத்தை யார் தாங்குவது என்ற முடிவு அது. மக்கள் உட்கார வேண்டிய நாற்காலி அங்கேதான் இருக்கிறது.

அளவீட்டை நம்ப முடியவில்லையா, நீங்களே அளக்கலாம். 12.62 மீட்டர் ஆரமுள்ள வட்டம் 500 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் இருபதில் ஒரு பங்கு. கயிற்றை நடுவில் முளையில் கட்டி, சரிவான நிலத்தில் கயிறு கிடைமட்டமாக இருக்கும்படி பிடித்து, உள்ளே வரும் மரங்களின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் அளக்க வேண்டும். பல நாடுகளில் அது தரையிலிருந்து 1.3 மீட்டர், இந்தியாவில் 1.37 மீட்டர். சரிவில் மரத்தின் மேட்டுப் பக்கம் நின்று உயரம் பாருங்கள். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். வழக்கமாக நேரும் தவறு துண்டுகளைப் பாதை ஓரத்தில் போடுவது. அங்கே காடு எப்போதும் மெலிந்திருக்கும், அல்லது நட்டு வைத்ததாக இருக்கும். வரைபடத்தில் கட்டம் போட்டு, புள்ளி விழுந்த இடத்துக்கே போக வேண்டும், அது முள்ளுக்குள் இருந்தாலும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு துண்டுகள் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரார் பத்துத் துண்டு அளந்துவிட்டு வனத்துறையின் கணக்கு தப்பு என்று நிறுவ முடியாது. ஆனால் மறு அளவீடு கேட்க அது போதும்.

மரமல்லாத பொருள்களில் கதை வேறு. அங்கே அளவைவிட எடுக்கும் விதம்தான் பெரிது. மூங்கில் குத்தில் (புதரில்) மூன்று வயதுக்கு மேற்பட்ட கழிகளை மட்டும் வெட்டி, ஒன்று இரண்டு வயதுக் கழிகளை விட வேண்டும், ஏனென்றால் அடுத்த மழையின் குருத்தைத் தாங்குவது அவைதான். மழைக்காலத்தில் வெட்டக் கூடாது. தரைக்குச் சற்று மேலே கணுவுக்கு ஒட்டி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் குழலில் தண்ணீர் தேங்கி அழுகும். முற்றிய கழிகள் குத்தின் நடுவில் இருக்கும், வெட்ட எளிதானவை வெளி விளிம்பில் இருக்கும். கழிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் ஆள் விளிம்பில்தான் வெட்டுவார், அதுவும் இளங்கழியை. குத்து நடுவில் நெரிந்து சாகும். அதனால் பங்கேற்பு என்பதில் கூலி முறையை யார் தீர்மானிப்பது என்பதும் அடக்கம். குவாத்தமாலாவின் பேத்தேன் காடுகளில் பூங்கொத்துக்குப் போகும் ஷாத்தே என்ற சிறு பனையின் ஓலையிலும் இதே பாடம். எண்ணிக்கைக்குக் கூலி என்றிருந்தவரை, வெட்டியதில் பெரும்பகுதி தரமில்லாமல் குப்பைக்குப் போனது. உஆக்சக்தூன் போன்ற ஊர்கள் தரத்துக்கு விலை என்று மாற்றி, தரம் பிரிப்பதையும் ஊரிலேயே செய்தபோது குறைவாக வெட்டி அதே அளவு விற்க முடிந்தது.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினரின் நெல்லி அறுவடை இன்னொரு விதத்தில் முக்கியம். நெல்லி குறைவதற்கு அதிகம் பறிப்பதே காரணம் என்பது வெளியார் ஊகம். தரையோடு ஓடும் சிறு தீ நின்றுபோனதால் மரத்தின் மேல் ஒட்டுண்ணி பெருகிவிட்டது என்பது சோலிகர்களின் வாதம். ஒட்டுண்ணி பிடித்த மரங்கள் காய்ப்பு குறைந்து செத்துப்போவதை ஆய்வாளர்களின் அளவீடுகளும் காட்டின. பறிப்பைத் தடை செய்திருந்தால் வருமானமும் போயிருக்கும், நெல்லியும் தேறியிருக்காது. உள்ளூர் அறிவை மதிக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதில் பயன் இல்லை. ஊராரின் கூற்றைச் சோதிக்கத்தக்க ஊகமாக எழுதி, அதற்கும் துண்டு போட்டு அளக்க வேண்டும்.

யார் உட்காருவது என்பதில்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் சறுக்குகின்றன. “பொதுமக்கள்” என்று ஒரு ஆள் இல்லை. விறகு பொறுக்கும் பெண், ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் மந்தையோடு வரும் இடையர், மரக்கடைக்காரர், கீழ்ப்பகுதியில் தண்ணீர் குடிக்கும் நகரம், எல்லோருக்கும் ஒரே காட்டில் வெவ்வேறு பங்கு. இணையத்தில் கருத்துக் கேட்டால் நகரத்திலிருந்து ஆயிரம் மின்னஞ்சல் வரும், காட்டருகே வாழும் நாற்பது குடும்பத்திடமிருந்து ஒன்றும் வராது. வந்த கருத்துகளின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பது தவறு. பங்குக்கு ஏற்ப இடம் ஒதுக்குவதே வழி. காடுகள் பொறுப்போடு நிர்வகிக்கப்படுவதற்குச் சான்று தரும் எஃப்.எஸ்.சி. அமைப்பில் பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் என மூன்று அவைகளுக்கும் சம வாக்கு வலிமை என்பது இந்தத் தர்க்கம்தான். நேபாளத்தின் சமூகக் காட்டுக் குழுக்கள் 22,000-க்கும் மேல். அவற்றின் செயற்குழுவில் பாதி இடம் பெண்களுக்கு. இந்தியாவின் 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், 2012 திருத்தப்படி, கிராம சபைக்கு மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். ஒதுக்கீடு இருந்தும், கூட்டம் கூலி வேலை நேரத்தில் நடந்தால் வசதியுள்ளவரே வருவார். கூட்டத்துக்கு வருவோருக்கு அன்றைய கூலி கொடுப்பதை ஊழல் என்று சொல்பவர்கள் உண்டு. அதிகாரி சம்பளத்தோடு வருகிறார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நாட்டளவிலான கொள்கைக்குக் குலுக்கல் முறை நல்ல வழி. அயர்லாந்தில் 2022-23-இல் பல்லுயிர் இழப்பு பற்றி, குலுக்கலில் தேர்ந்த 99 பேரும் ஒரு தலைவரும் அடங்கிய குடிமக்கள் அவை கூடியது. சாதாரண மனிதர்கள் வல்லுநர்களைக் கேட்டு, பொறுமையாக விவாதித்து முடிவெடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒரு குறிப்பிட்ட காட்டின் கூப்புக்கு அது சரிப்படாது. அங்கே நிரந்தரமாக இருப்பவர்கள் வேண்டும், அடுத்த ஆண்டும் அதே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள்.

உரிமை கையில் இருந்தும் பலன் இல்லாமல் போவது பெரும்பாலும் மூன்று காகிதங்களால். ஒன்று, போக்குவரத்து அனுமதிச் சீட்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா-லேகா ஊர் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேருக்குச் சமூக வன உரிமை பெற்றது. ஆனால் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுபோகும் சீட்டுப் புத்தகம் 2011 ஏப்ரலில்தான் கிராம சபையின் கைக்கு வந்தது. அதுவரை சொந்த மூங்கிலைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. இரண்டு, செயல் திட்டத்தின் காலாவதி தேதி. திட்டம் முடிந்தால், புதுப்பிக்கும் வரை சட்டப்படி எதையும் வெட்ட முடியாது. புதுப்பிக்க அளவீட்டாளர், கட்டணம், அதிகாரி கையெழுத்து எல்லாம் வேண்டும். காலாவதிக்கு ஓராண்டு முன்பே தொடங்காத குழு தவிக்கும். மூன்று, வங்கிக் கணக்கு. வருமானம் துறையின் கணக்குக்குப் போய்த் திரும்பி வரும் ஏற்பாட்டில், அது பெரும்பாலும் திரும்புவதே இல்லை அல்லது நிபந்தனையோடு திரும்பும். நேபாளத்தில் பணம் குழுவிடமே இருக்கும், அதில் 25 விழுக்காடு காட்டுக்கே செலவாக வேண்டும் என்பது விதி. அங்கேயும் ஒரு மறுபக்கம் உண்டு. பல குழுக்கள் பயத்தாலும் அனுமதிச் சிக்கலாலும் வளர்ச்சியைவிட வெகு குறைவாகவே எடுக்கின்றன, அதே நேரம் நாடு வெளியிலிருந்து மரம் வாங்குகிறது. பங்கேற்பு என்றால் வெட்டைத் தடுப்பது மட்டுமே என்று நினைத்தால் இது பிடிபடாது.

வெட்டு முடிந்த பிறகு பார்க்க வேண்டியவை: வெட்டியபின் நிற்கும் அடிக்கட்டைகளின் எண்ணிக்கை குறியிட்ட பட்டியலோடு பொருந்துகிறதா, ஓடைக் கரையில் வண்டித் தடம் உண்டா, விடச் சொன்ன தாய் மரங்கள் நிற்கின்றனவா. செயற்கைக்கோள் படமும் உதவும். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், லேண்ட்சாட்டில் 30 மீட்டர். முழுவெட்டு தெளிவாகத் தெரியும், ஒன்றிரண்டு மரம் பொறுக்கி வெட்டியது தெரியாது. “மர மூட்டம்” (மரத் தலைகள் மூடிய பரப்பு) என்று வரும் எண்ணில் யூகலிப்டஸ் தோட்டமும் இயற்கைக் காடும் ஒன்றுதான். காட்டை அழித்துத் தோட்டம் வைத்தால் சில ஆண்டுகளில் மூட்டம் மீண்டுவிட்டதாகவே காட்டும். எனவே படம் ஐயத்தை எழுப்ப மட்டும், உறுதி செய்ய ஆள் நேரில் போக வேண்டும். ஏற்றுமதி மரமானால் இன்னொரு பிடி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 காடழிப்புத் தடைச் சட்டம் 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தின் மரத்தை ஏற்காது, விளைந்த இடத்தின் ஆயத்தொலைவுகளையும் கேட்கிறது. சிறு உடைமையாளர்கள் அந்தக் காகிதம் இல்லாமல் சந்தையை இழக்கும் அபாயமும் இதில் இருக்கிறது. ஊர்க் குழு தன் எல்லையை முன்கூட்டியே கைபேசியில் நடந்து பதிந்து வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, ஆட்சேபம் எழுதும் முறை. “காட்டை அழிக்காதீர்கள்” என்று எழுதினால் “கருத்து பதிவு செய்யப்பட்டது” என்று பதில் வரும். பகுதி எண், பக்க எண், அங்குள்ள எண், அது ஏன் தவறு, அதற்குப் பதிலாக எந்த எண், எந்த அளவீட்டின் அடிப்படையில் என்று எழுதுங்கள். ஒரு தாளுக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஏற்றோம் அல்லது மறுத்தோம், காரணம் இது என்று பட்டியலாக வெளியிடும்படி கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீட்டுக்குப் போகும்போது அந்தப் பட்டியல்தான் ஆதாரம். மேல்முறையீட்டுக்கான கெடு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும், அறிவிப்பு வெளியான நாளா, உங்களுக்குக் கடிதம் கிடைத்த நாளா என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுக் குறித்து வையுங்கள்.